மூடி மறைக்க இது குற்றமல்ல, சகோதரிகளே!



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று எழுதும் இந்தப் பகுதியில் இந்த வாரம் வேறொரு விஷயம் பேசப் போகிறேன். பெண்கள் ஒருவருக்கொருவர் கூடச் சொல்லிக்கொள்ளாத விஷயம். ஆண்களும் படிக்கலாம். ஏன், படிக்கத்தான் வேண்டும். மகளும் மனைவியும் தங்கையும் இல்லாத வீடு எது?

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். சங்க வேலையாக அங்கே போயிருந்தேன். மண்டோர் என்னைத் தனியாக அழைத்து ஒரு பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னார்.

"மருந்து அடிக்கிற கேங்குல இருக்கிற பிள்ளைங்க. மாசத்துல நாலஞ்சு நாள் வேலைக்கு வர்றதில்ல. எம்.சி.யும் கிடையாது. வந்தாலும் யாரோடவும் சேர்றதில்ல. பேரை வெட்டிடலாம்னு கிராணி சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

அந்தப் பிள்ளைக்கு 23 வயது. பெயர் வேண்டாம். செல்வி என்று வைத்துக்கொள்வோம். பெரட்டுக்களத்தில் பார்த்தேன். முகத்தில் மூக்கும் வாயும் மூடிய மாஸ்க். மருந்து அடிக்கும்போது அது வேண்டியதுதான். ஆனால் பத்து மணிக்கு எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். இவள் மட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். கொரோனா காலத்து மாஸ்க் கட்டாயம் 2022 செப்டம்பரிலேயே பெரும்பாலான இடங்களில் எடுக்கப்பட்டுவிட்டது. மற்றவர்கள் கழற்றிப் போட்டார்கள். செல்வி கழற்றவில்லை.

"ஏம்மா, இந்த வெயில்ல இன்னும் மூடிக்கிட்டு இருக்க?"

"பழகிப் போச்சுக்கா."

கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளாகவே மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். மேலுதட்டிலும் தாடையிலும் கருத்த முடி. தாடைக்குக் கீழே சிவந்து புண்ணாகியிருந்தது. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"காலையில நாலு மணிக்கு எழுந்து அப்பாவோட பிளேடுல வழிச்சிருவேன்க்கா. விளக்குப் போட்டா தம்பி பார்ப்பான்னு டார்ச் லைட்டுல வழிப்பேன். புண்ணாயிட்டா அன்னிக்கு வேலைக்கு வர மாட்டேன்."

மண்டோர் சொன்ன நாலஞ்சு நாள் இதுதான்! சோம்பேறித்தனம் அல்ல. கூச்சம். ஒரு பிள்ளையின் நாட்சம்பளத்தைத் தின்றதும், வேலையையே தின்னப் பார்த்ததும் இந்தக் கூச்சந்தான்.

அவள் செய்து பார்த்த வைத்தியங்கள்

18 வயதில் முடி தெரிய ஆரம்பித்ததாம். பாட்டி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசச் சொன்னார். பூசினாள். முகம் மஞ்சளானது, தோல் எரிந்தது, முடி போகவில்லை. பிறகு யாரோ ஒரு பழைய பால்மரத் தொழிலாளி சொன்னாராம்: "கையில ரப்பர் பால் பட்டுக் காஞ்சா முடியோட உரிஞ்சு வருமே, அதை முகத்துல தடவேன்." பக்கத்துச் சிறுதோட்டத்தில் ஒரு பாட்டில் பால் வாங்கினாள். அது உறையாமல் இருக்க அமோனியா ஊற்றி வைத்திருந்த பால். முகம் வெந்து ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

கடைசியாக, பசார் மாலாமில் ஒரு வெள்ளைக் கிரீம். "முகம் வெளுக்கும், முடி மறையும்" என்றார் விற்றவர். ஒரு மாதத்தில் முகம் வெளுத்தது. சந்தோஷப்பட்டாள். நாலாவது மாதத்தில் பரு கிளம்பியது, தோல் மெலிந்தது, முடியோ முன்பைவிட அதிகமானது.

நானும் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள்தான். டாக்டர் அல்ல. ஆனால் அந்தப் பிள்ளையையும் அவள் தாயாரையும் கிளினிக்குக் கூட்டிப் போனதில் நானும் நிறையக் கற்றுக்கொண்டேன். பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த முடி எங்கிருந்து வருகிறது?

பெண்ணின் முகத்தில் முடியே இல்லை என்று யார் சொன்னது? எல்லாப் பெண்களுக்கும் கன்னத்திலும் உதட்டின் மேலும் மெல்லிய பூனை முடி உண்டு. நம் இனத்துப் பெண்களுக்கு அது கொஞ்சம் கருப்பாகத் தெரியும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வந்து, முடியும் பூனை முடியாகவே இருந்தால் அது நோயல்ல.

ஆனால் மேலுதடு, தாடை, நெஞ்சு, அடிவயிறு, முதுகு என்று ஆண்களுக்கு முடி வளரும் இடங்களில், தடித்த கருமுடியாக வளர்ந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. எல்லாப் பெண்களின் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கிறது. அது அளவுக்கு மேல் சுரந்தாலோ, அல்லது அளவாகச் சுரந்தும் முடிவேர் அதற்கு அதிகமாக இணங்கினாலோ, பூனை முடி கருமுடியாகிறது. இதில் சாபமும் இல்லை, பாவமும் இல்லை, நடத்தைக் கோளாறும் இல்லை. இரத்தத்தில் ஓடும் ஒரு சுரப்பின் கணக்கு, அவ்வளவுதான்.

இதை அளந்து பார்க்க டாக்டர்களிடம் ஒரு முறை உண்டு. ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-ல் வகுத்தது. இப்போது உடம்பில் 9 இடங்களைப் பார்த்து இடத்துக்கு 4 வரை மார்க் போட்டுக் கூட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அடி. இங்கே மார்க் கூடினால் பரிசோதனை!

பெரும்பாலும் காரணம் சினைப்பை

இப்படி முடி வளரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் கோளாறு. நம்மவர்கள் "நீர்க்கட்டி" என்கிறார்கள். 1935-ல் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை விவரித்து எழுதினார்கள். கட்டி என்றதும் பயந்துவிடாதீர்கள். அது அறுத்தெடுக்க வேண்டிய கட்டி அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன சிறுசிறு முட்டைப் பைகள்.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100 பேரில் 10 முதல் 13 பேருக்கு இது உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 70 சதவிகிதம் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்களாம். அப்படியானால் ஒரு லயத்தில் 20 பெண்கள் இருந்தால் இருவருக்கோ மூவருக்கோ இருக்கலாம். யார் என்று தெரியாது. ஏனென்றால் எல்லோரும் மூடி மறைக்கிறோம்!

அடையாளங்கள் என்ன? மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகும். முகத்தில் முடியும் பருவும் வரும். கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுத் துணிபோல் கருத்துத் தடிக்கும். உடம்பு பெருக்கும், ஆனால் ஒல்லியான பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை தங்கத் தாமதமாகலாம். தாமதம்தான், மலடு அல்ல. மருந்தோடு பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.

தாய்மார்களே, இதைவிட முக்கியமான ஒன்று. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. நாளடைவில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், இனிப்பு நீர் இந்தியர்களிடந்தான் மிக அதிகம் என்று தெரிந்தது. பெரியவர்களில் 100-க்கு 31 பேர்! ஆக, தாடையில் முளைத்த முடி வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. உள்ளே இருந்து உடம்பு அனுப்பும் கடிதம். அதைப் பிளேடால் வழித்தால் மட்டும் போதுமா? கடிதத்தைப் படிக்க வேண்டாமா?

கிளினிக்கில் நடந்தது

அரசாங்க கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்கள் கட்டுவது ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்குத்தான் செல்வி ஐந்து வருடம் பயந்தாள்!

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, மாதவிலக்கு எப்படி, என்ன மருந்து சாப்பிடுகிறாய், என்ன பூசுகிறாய் என்றெல்லாம். "புல்லுக்கு மருந்து அடிக்கிறதாலயா டாக்டர்?" என்று செல்வி கேட்டாள். "அதில்லை, காரணம் உன் சினைப்பையில இருக்கு. கிரீம் அதைக் கூட்டியிருக்கு" என்றார். இரத்தம் எடுத்தார்கள். ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கூட வந்த தாயாருக்கும் ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். மகளுக்குச் சர்க்கரை எல்லையில் நின்றது. தாயாருக்கோ எல்லை தாண்டியிருந்தது. அந்த அம்மாவுக்கு அதுவரை தெரியாது!

மருந்து எழுதியபோதுதான் சண்டை வந்தது. டாக்டரம்மா எழுதியது கர்ப்பத்தடை மாத்திரை.

"என்னா டாக்டர், கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதைக் குடுக்கறீங்க? நாளைக்கு நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க?" என்று தாயார் எழுந்துவிட்டார்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நம் லயத்தில் சுவருக்கும் காது உண்டு. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இங்கே இந்த மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கக் கொடுக்கப்படவில்லை. ஆண்ட்ரோஜனைக் குறைத்து மாதவிலக்கை ஒழுங்குபடுத்தக் கொடுக்கப்படுகிறது. காய்ச்சல் மாத்திரை தலைவலிக்கும் உதவுவது போல, ஒரே மாத்திரைக்கு இரண்டு வேலை. தாயார் உட்கார்ந்தார்.

ஆனால் இந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. இரத்தக் கொதிப்பு, கடுமையான ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை இரவல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். மாத்திரை போதாதபோது ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தும் கொடுப்பதுண்டு. கர்ப்பமாக இருக்கும்போது அதைச் சாப்பிடக் கூடாது. வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

எந்த மருந்தானாலும் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். முடி வளர்ந்து உதிர்ந்து மறுபடி வளர அவ்வளவு காலம் பிடிக்கிறது. பலர் இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணும் நடக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். இன்னொன்று: மருந்து புதிதாக முடி தடிப்பதைத் தடுக்கும், ஏற்கெனவே தடித்த முடியை முழுதாக அழிக்காது. அதை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடம்பு பெருத்தவர்கள் எடையில் 100-க்கு 5 குறைத்தாலே மாதவிலக்கு சீராக உதவும். மைலோவிலும் தேத்தண்ணியிலும் ஊற்றும் டின் பாலைக் குறைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

முடியை எடுப்பது எப்படி?

வழித்தால் தடித்து வளரும் என்கிறார்கள். இது தவறு. வழிக்கும்போது முடியின் கூர்முனை வெட்டுப்பட்டு மொட்டையாகிறது. அதனால் முளைக்கும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது. வேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே வழிப்பதில் வெட்கமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆனால் உங்களுக்கென்று தனி பிளேடு வேண்டும். அப்பா, அண்ணன் பிளேடை எடுக்காதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தம் வழியாகப் பரவும். சோப்பு நுரை போட்டு, முடி படிந்திருக்கும் திசையிலேயே வழியுங்கள்.

நூல் போட்டு எடுக்கலாம்; மேலுதட்டுக்கு அது நல்லது. முடி நீக்கும் கிரீம் போடுவதானால் முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் முகத்தில் போடாதீர்கள். தாடையில் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகும், கருந்தழும்பு விழும்.

வேரைச் சுடும் முறையும் உண்டு. மெல்லிய ஊசி வழியாக மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ராலிசிஸ், 1875-ல் அமெரிக்காவில் ஒரு கண் டாக்டர் இமை முடிக்காக எழுதி வெளியிட்டது. லேசர் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. லேசர் ஒளி முடியின் கருமையைத் தேடிப் போய்ச் சுடுகிறது. நம் தோலும் கருப்பல்லவா? தவறான லேசர் தோலையே சுட்டுவிடும். கருந்தோலுக்கு என்.டி. யாக் என்ற நீண்ட அலை லேசர்தான் பாதுகாப்பானது. பல தடவை போக வேண்டும், செலவும் அதிகம். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் முடி திரும்பி வரும். சில வேளை அதிகமாகவும் வரும். ஆகவே கடன் வாங்கிக்கொண்டு அழகு நிலையத்துக்கு ஓடாதீர்கள். முதலில் டாக்டர், பிறகுதான் லேசர்.

வெள்ளைக் கிரீம் எச்சரிக்கை

செல்வி பூசிய கிரீம் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதவே இல்லை. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு முதலில் முகத்தை வெளுக்கச் செய்யும். பிறகு தோலை மெலிய வைத்து, பருவையும் முடியையும் கொண்டுவரும். முடிக்குப் பயந்து பூசியதே முடியை வளர்த்தது! பாதரசம், ஹைட்ரோகுவினோன், பெத்தாமெத்தசோன் கலந்த கிரீம்களைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பதிவு செய்த அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் உண்டு. பதிவு எண் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். நெடுநாள் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

ஏமாறுவது நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1920-களில் அழகு நிலையங்களில் எக்ஸ்-ரே காட்டி முகத்து முடியை உதிர வைத்தார்கள். முடி போனது. வருடங்கள் கழித்துப் பல பெண்களுக்குத் தோல் புண்ணாகிப் புற்றுநோய் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் அங்கேயே எலி விஷத்தில் சேர்க்கும் தாலியம் கலந்த கிரீம் விற்றார்கள். பூசியவர்களில் சிலருக்குக் கை கால் விழுந்தது, கண் மங்கியது. பெண்ணின் கூச்சம் எங்கே இருக்கிறதோ, அங்கே வியாபாரி கடை போடுகிறான்!

உடனே ஓட வேண்டிய நேரம்

சில வேளை தாமதிக்கவே கூடாது. ஓரிரு மாதத்திலேயே முடி வேகமாக வளர்ந்தால், குரல் ஆண் குரல்போல் தடித்தால், முன்தலையில் முடி கொட்டினால், மாதவிலக்கு நின்று பல வருடமான பெண்ணுக்குத் திடீரெனத் தாடை முடி தடித்தால், அடுத்த நாளே டாக்டரிடம் போங்கள். சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அபூர்வந்தான், ஆனாலும் பார்த்துவிட வேண்டும். வலிப்பு மருந்து சாப்பிடுவோருக்கும் சில வேளை முடி வளரும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் மாற்றித் தருவார்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை

நோயைவிடக் கொடியது நம் நாக்கு. "மீசைக்காரி" என்று சிரிப்பதற்கு ஒரு நொடி. கேட்டவள் ஐந்து வருடம் மாஸ்க்குக்குள் கிடந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போனார்களாம். இருமலுக்கு டாக்டரிடம் போகிறோம், இதற்கு மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்?

மண்டோர் அண்ணன்மாரே, ஒரு பிள்ளை அடிக்கடி வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். நீங்கள் கேட்கக் கூச்சமானால் ஒரு பெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். சகோதரிகளே, டாக்டர் எம்.சி. கொடுத்தால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஒளிந்துகொண்டு வீட்டில் இருந்தால் நாட்சம்பளம் போகும். டாக்டரிடம் போனால் சீட்டு வரும்.

செல்வியின் பெயர் வெட்டுப்படவில்லை. மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. மாதவிலக்கு சீராகிவிட்டது. முடி முழுதாகப் போய்விட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை வழிக்கிறாள். சொந்த பிளேடில், விளக்குப் போட்டு. தாயாரும் மகளும் ஒன்றாகக் கிளினிக் போய் இருவருக்கும் மருந்து வாங்கி வருகிறார்கள்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பத்து மணிக்கு மர நிழலில் எல்லோரோடும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் பக்கத்தில் மருந்துப் பம்பின் மேல் கிடந்தது. அது மருந்து அடிப்பதற்கு மட்டுந்தான்.